இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

பாப்பா,

இருபத்தாறு வயதில் எஞ்சினியராகிவிட்டவளை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவதா என்று நீ முகத்தைச் சுளிப்பாய். எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. நாளை மறுநாள் நீ வெளிநாட்டுக்குப் போகிறாய். போவதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இந்த மாதத்தில் மூன்று தடவை உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். மூன்று தடவையும் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனேன். அதனால் எழுதுகிறேன். நீ வேலைக்குப் போகிற அந்தப் பந்தய எஞ்சின் கம்பனிக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் உன் அம்மா எப்படிச் செத்தாள் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தி உண்மை இல்லை. அது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பொய்யை உனக்குச் சொன்னவன் நான்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால், போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறு ஞாபகம் வருகிறது. தோட்டத்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பிராவில் கட்டிலில் உட்கார்ந்து உன் போனில் அந்தப் பெரிய கார் பந்தயத்தை எனக்குக் காட்டினாய். எனக்குக் கார்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நீ ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாய். முன்பெல்லாம் ஓட்டத்தின் நடுவில் நிறுத்திப் பெற்றோல் அடிப்பார்களாம், இப்போது அது கூடாது; தொடங்கும்போது ஏற்றியதை வைத்தே முடிக்க வேண்டும். எஞ்சினுக்குள் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு போகலாம் என்பதற்குக்கூட எல்லை வைத்திருக்கிறார்கள். பெற்றோலை லீற்றரில் அளக்க மாட்டார்களாம், கொழுந்து நிறுப்பது போலக் கிலோவில் நிறுப்பார்களாம். சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், எடை மட்டும் மாறாது என்றாய். சாதாரண வண்டியில் எரிகிற பெற்றோலில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சம் வெறும் சூடாகப் புகையோடு போய்விடுகிறது, இந்தக் கார்களில் பாதிக்குப் பாதி உழைப்பாக மாறுகிறது என்று சொல்லும்போது உன் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் உன் அம்மாவின் கண்ணில்தான் அதற்கு முன் பார்த்திருக்கிறேன்.

அப்போது ஓட்டுநரின் காதில் யாரோ பேசியது கேட்டது. என்ன சொல்கிறான் என்று கேட்டேன். வளைவு வருவதற்கு முன்னாலேயே காலை எடு, வண்டியை உருள விடு, பெற்றோல் மிச்சம் பிடி என்று சொல்கிறான் என்றாய். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"நீங்க கோயில் வளைவுல பண்ணுவீங்களே, அதேதான்ப்பா. ஒங்களுக்கு யாரும் கப்பு குடுக்கல, அவ்வளவுதான்."

நானும் சிரித்தேன். பந்தயக்காரனும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் உருளுவானா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். நீ போனிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாய்.

"ஐயோ, அணைக்க மாட்டாங்கப்பா. அணைஞ்சா அவ்வளவுதான், கத முடிஞ்சது."

நான் ஆட்டோவுக்கு மழைச்சீலை போட வேண்டும் என்று சொல்லி வெளியே போனேன். மழை இல்லை. நீ அதைக் கவனிக்கவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் உன் விண்ணப்பத்தை எடுத்து, இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினாய். "எங்கள் நாட்டில் பெற்றோல் இல்லாத வருடத்தில், ஒரு போத்தல் பெற்றோல் இல்லாததால் என் அம்மா வழியிலேயே இறந்தாள். ஒரு துளியைக்கூட வீணாக்காத எஞ்சினைச் செய்வதற்காக நான் படித்தேன்." நீ வாசித்து முடித்ததும் நான் நன்றாக இருக்கிறது என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை எதால் கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடத்தில் நீ பெரும்பாலும் கம்பஸில் இருந்தாய். வரிசைகளைப் பார்த்திருப்பாய், ஆனால் இங்கே எப்படி இருந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. நோர்வூட் டவுனில் பெற்றோல் செட்டின் வாசலில் மூன்று பகல் ஆட்டோவைப் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறேன். பிறகு போனில் கறுப்புக் கட்டம் போட்ட குறியீட்டைக் காட்டினால் கிழமைக்கு ஐந்து லீற்றர், ஏழு நாளுக்கும் அதுதான் என்றார்கள். கொழும்பில் சமதரையில் ஓடுகிறவனுக்கும் ஐந்து, இந்த ஏற்றத்தில் முதல் கியரில் முக்கி முக்கி ஏறுகிற எனக்கும் ஐந்து. சட்டம் போட்டவன் இந்த ரோட்டைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான். உன் பந்தயக்காரர்களுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது, எங்களுக்கும் இருந்தது. அவர்கள் தாங்களே கூடிப் பேசி, விளையாட்டு சுவாரசியமாக இருக்க வேண்டும் என்று பஞ்சத்தை விதியாக எழுதிக்கொண்டார்கள். ஒரு ஓட்டுநருக்குப் பின்னால் கணினியோடு அறுபது பேர் உட்கார்ந்து எவ்வளவு மிச்சம் என்று சொல்கிறார்கள். நாங்கள் டாங்கிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தோம்.

ஆனால் நாங்களும் அதை விளையாட்டாக்கினோம், பாப்பா. அதை நான் மறைக்கக்கூடாது. கோயில் வளைவில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் போட்டால் வண்டி தானாக இறங்கும். அடுத்து ஸ்டார்ட் பண்ணாமல் யார் எவ்வளவு தூரம் போகிறான் என்று ஆட்டோ ஸ்டேண்டில் போட்டி. பிறேக்கைத் தொடாமல் வளைவெடுக்க வேண்டும், தொட்டால் வேகம் போய்விடும். மற்றவர்கள் கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் வருவார்கள். நான் ஆற்றுப் பாலம் வரைக்கும் வருவேன். எனக்கு நியூட்ரல் ராசா என்று பேர் வைத்தார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. அதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் இனித்தது. உன் அம்மாவுக்குப் பிடிக்காது. ஆட்டோவில் அவள் இருக்கும்போது அணைத்தால் என் முதுகில் ஒரு குத்து விடுவாள்.

பெற்றோல் காணாமல் போனபோது எல்லோரும் மண்ணெண்ணெய் கலந்தார்கள். நானும் கலந்தேன். உனக்கு நான் எஞ்சின் பாடம் எடுக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய் கலந்த வண்டி சூடாக இருக்கும் வரைக்கும் ஓடும். சூடு ஆறிவிட்டால் சீக்கிரத்தில் பற்றாது. ஸ்டேண்டில் என்னோடு ஆட்டோ ஓட்டுகிற நிமல் மாமா எனக்கு அதை ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னான். "மச்சான், கலவ ஊத்துனா அணைக்காத. அணைக்கிறதுன்னா கலவ ஊத்தாத. ரெண்டுல ஒன்னு." ஸ்டேண்டில் எல்லோருக்கும் முன்னால் சொன்னான். நான் அவனைக் கிண்டல் பண்ணினேன். உன் வண்டி கிழவி, என் வண்டி குமரி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நியூட்ரல் ராசாவுக்கு யாரும் புத்தி சொல்லக்கூடாது என்று எனக்கு நினைப்பு.

அன்று காலை பத்து மணி இருக்கும். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கலைத்துக் கொட்டியது. ஏழெட்டுப் பேருக்குக் கொட்டு. உன் அம்மாவுக்குத் தலையிலும் கழுத்திலும். பக்கத்துக் காம்பிரா சாந்தி சித்தி தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவள் மேல் போர்த்தி இழுத்துக்கொண்டு வந்தாள். டிஸ்பென்சரியில் ஒரு ஊசி போட்டுவிட்டு, மூச்சு வாங்குகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள் என்றார்கள். தோட்டத்து லொறி கொழுந்து மடுவத்தில் நின்றது. அதில் டீசல் இருந்தது. கொழுந்து ஏற்றத்தான் டீசல், ஆள் ஏற்ற இல்லை என்று தோட்டத்து மனேஜர் துரை உத்தரவு. கொழுந்து வாடினால் நட்டம், ஆள் வாடினால் யாருக்கும் நட்டமில்லை. இதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. நீயும் மன்னிக்காதே. ஆனால் இந்தக் கடிதம் லொறியைப் பற்றியது இல்லை.

என் ஆட்டோவை எடுத்தேன். டாங்கியில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரக் காணும் அளவுக்குக் கலவை இருந்தது. குச்சி விட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். இதை இரண்டு தடவை வாசி. பெற்றோல் இருந்தது. பின்னால் சாந்தி சித்தி உன் அம்மாவை மடியில் போட்டுக்கொண்டாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் நினைவோடுதான் இருந்தாள். என் வெத்திலைப் பெட்டி எங்கே, கூடை எங்கே என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். கோயில் வளைவு வரைக்கும் ஏற்றம். அங்கே வந்ததும் என் கை போய்ச் சாவியைத் திருப்பியது.

பழக்கத்தில் கை போய்விட்டது என்று எனக்கு நானே இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டேன். அதுவும் பாதிப் பொய். கை போன பிறகு, உடனே திருப்பிப் போட எனக்கு நேரம் இருந்தது. எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது. நான் யோசித்தேன். நாலு மைல் இறக்கம், ஒரு கோப்பை பெற்றோல் மிச்சம், அடுத்த நாள் ஒரு ஓட்டத்துக்கு உதவும் என்று யோசித்தேன். திரும்பி வரவும் வேண்டுமே என்று யோசித்தேன். திரும்பி வருவோம் என்பதில் அவ்வளவு நிச்சயமாக இருந்தேன். எஞ்சின் சத்தம் நின்றதும் ஆற்றுச் சத்தம் கேட்டது. உன் அம்மாவுக்கு அந்த அமைதி தெரியும்.

"அணைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எறக்கந்தானே. பேசாம படு" என்றேன்.

அவளிடம் நான் கடைசியாகப் பேசியது இதுதான். நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய், அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று. உன்னைப் பற்றித்தான் கேட்டாள், பாப்பா நல்லாப் படிக்கட்டும் என்றாள் என்று சொன்னேன். அதையும் நானே கட்டிச் சொன்னேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது, காற்று எதிரே அடித்தது. எஞ்சின் ஆறுவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும். நன்றாகத்தான் உருண்டது. பாலத்தையும் தாண்டி உருண்டது. அதற்கு முன் அவ்வளவு தூரம் ஒருநாளும் போனதில்லை. போகிற போக்கில் அது எனக்குத் தெரிந்தது, பாப்பா. மனைவி மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கும்போது, இன்று பாலத்தைத் தாண்டிவிட்டேன் என்று என் மனதில் ஒரு மூலையில் ஓடியது. எல்லாவற்றையும்விட எழுதக் கடினமாக இருந்த வரி இது. எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைப் போட்டேன், ஸ்டார்ட் கம்பியை இழுத்தேன், இறங்கித் தள்ளினேன், பிளக்கைக் கழற்றி என் சட்டையில் துடைத்துப் போட்டேன். சாந்தி சித்தி அண்ணே அண்ணே என்று கத்திக்கொண்டே இருந்தாள், பிறகு கத்துவதை நிறுத்திவிட்டாள். ரோட்டில் வேறு வண்டி இல்லை. அந்த வருடத்தில் எந்த ரோட்டிலும் வண்டி இல்லை. இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும், நிமல் மாமா நோர்வூட்டிலிருந்து மேலே வந்தான். என் வண்டியைத் திறந்து பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் வாடையை மூக்கால் ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்தான், அவ்வளவுதான். அம்மாவைத் தன் வண்டிக்கு மாற்றினான். அவன் வண்டியின் எஞ்சின் வழியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு தடவைகூட அணைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது உயிர் இருந்தது. கொஞ்ச நேரந்தான். டொக்டர் வெளியே வந்து நிமல் மாமாவிடம் சிங்களத்தில் பேசினார். அரை மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். நிமல் மாமா என் பக்கம் திரும்பி, "வெசம் ரொம்ப ஏறிருச்சுன்னு சொல்றாரு மச்சான்" என்றான். எனக்கு அவனளவுக்குச் சிங்களம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் அப்படிச் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

லயத்துக்கு வந்ததும் சனம் கூடியது. என்ன நடந்தது என்று யாரோ கேட்டார்கள். வழியில் பெற்றோல் முடிந்துவிட்டது என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்னதும் அது எவ்வளவு நன்றாகப் பொருந்தியது என்று கண்டேன். நாடே பெற்றோல் இல்லை என்று அழுதுகொண்டிருக்கிறது. யார் குச்சி விட்டுப் பார்க்கப் போகிறார்கள்? சாந்தி சித்தி எஞ்சின் தெரியாதவள், அவள் நம்பினாள். லொறியில் டீசல் இருந்தது என்று நான்தான் முதலில் கத்தினேன். அடுத்த கிழமை டவுனில் கூட்டம் போட்டார்கள், உன் அம்மாவின் படத்தைப் பெரிதாக அடித்துத் தூக்கினார்கள். நான் முன்வரிசையில் நின்றேன். மைக்கைக் கொடுத்தார்கள், பேசினேன். நீயும் கம்பஸிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாய். என் கையை நீ இறுக்கிப் பிடித்திருந்தாய். ஒரு பேப்பரில் படத்தோடு போட்டார்கள்.

பேசியதில் ஒன்றும் பொய் இல்லை, பாப்பா, ஒரு வரியைத் தவிர. லொறி உண்மை, துரை உண்மை, கிழமைக்கு ஐந்து லீற்றர் உண்மை, இருநூறு வருடமாக இந்த மலையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக ஒழுங்கான வண்டி இல்லாதது உண்மை. அவர்கள் எல்லோரும் குற்றவாளிகள்தான். நான் செய்தது என்னவென்றால், அந்தப் பெரிய அநியாயத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அவ்வளவு பெரிய இடம் அது, ஒரு ஆள் ஒளிந்திருப்பது யாருக்கும் தெரியாது. என்னைப் போல எத்தனை பேர் அதற்குள் ஒளிந்திருக்கிறார்களோ தெரியாது. கொழுந்து நிறையில் கள்ளம் செய்த நம்முடைய ஆட்களும், பெண்சாதியை அடித்த நம்முடைய ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அநியாயம் செய்கிறவனுக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. ஒரு பொய் வெளியே வந்தால் மற்ற உண்மை எல்லாவற்றையும் அவன் அதோடு சேர்த்துக் குப்பையில் போடுவான்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஓ லெவல் பரீட்சை முடிந்ததும் உன்னைக் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு அனுப்ப நான் பேசி முடித்திருந்தேன். உனக்கு இது தெரியாது. உன் அம்மாதான் உன் கணக்கு வாத்தியாரைத் தேடிப் போனாள். அந்த யாழ்ப்பாணத்து மனுசன் லயத்துக்கே வந்து, "உங்கட பிள்ளைய கடைக்கு அனுப்பிப் போடாதேங்கோ" என்று என்னிடம் சொன்னார். அவர் போன பிறகு உன் அம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை. நான் சம்மதித்தேன். அதற்குப் பிறகு ஊரில் எல்லோரிடமும், மகளைப் படிக்க வைக்கிறேன் பார் என்று நான்தான் பெருமை பேசினேன். நீ எஞ்சின் படிக்கப் போனது அவள் சாவினால் இல்லை, பாப்பா. அதற்கு முன்னாலேயே போய்விட்டாய். அவள் உயிரோடு செய்த வேலை அது. அவளைச் சாவுக்காக மட்டும் ஞாபகம் வைக்கிற மாதிரி நான் உன்னை ஆக்கிவிட்டேன்.

அதனால் புத்தி என்று சொன்னால் இவ்வளவுதான். இனி யார் கேட்டாலும் உன் அம்மாவின் சாவை ஒரு காரணமாக நீட்டாதே. அங்கே இருக்கிறவர்கள் அதைக் கேட்டுக் கண் கலங்குவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். உனக்குக் கணக்கு வரும், எஞ்சின் வரும், அது போதும். அங்கே நீ பிழை விட்டால் அன்றைக்கே சொல். நாள் போகப் போக அதைச் சுற்றி மற்றவர்கள் வீடு கட்டிவிடுவார்கள், பிறகு எடுக்க முடியாது. பாதிச் சூட்டை உழைப்பாக்கிய எஞ்சினைச் செய்கிற கெட்டிக்காரர்களிடம், இது எப்போது ஒரு ஆட்டோவுக்கு வரும், எப்போது ஒரு தோட்டத்து லொறிக்கு வரும் என்று ஒவ்வொரு நாளும் கேள். சிரிப்பார்கள். கேட்டுக்கொண்டே இரு.

விண்ணப்பத்தில் எழுதியதை என்ன செய்வது என்பது உன் விருப்பம். அது பொய் என்று தெரிந்து நீ எழுதவில்லை. தெரிந்த பிறகு என்ன செய்கிறாய் என்பதை நான் சொல்ல முடியாது, அந்த உரிமை எனக்கு இல்லை. நான் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பொய்யை ஊருக்கு முன்னால் சொன்னேன், அதனால் இதையும் ஊருக்கு முன்னால் வைப்பேன். அந்தப் பேப்பருக்கே இந்தக் கடிதத்தை அனுப்பப் போகிறேன். போடுவார்களோ தெரியாது. போடாவிட்டால் ஸ்டேண்டில் ஒட்டுவேன். சாந்தி சித்தியிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். நான் குடித்த கோப்பையை எடுத்துப்போய் வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள் ஒளித்து வைக்கலாம், அங்கே போய் வாசிக்கட்டும், அவ்வளவு தூரத்திலிருந்து என் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் இறக்கத்தில் உருளுகிற வேலைதான். அதனால் இன்று பகலே உன் கையில் தருகிறேன். யோசிக்க உனக்கு இரண்டு நாள் இருக்கிறது.

நாளை மறுநாள் காலை உன்னை ஹட்டன் ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக நிமல் மாமாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவன் வண்டியும் நிற்கும், என் வண்டியும் நிற்கும். நீ எதில் ஏறினாலும் பெட்டியைத் தூக்கி வைக்க நான் வாசலில் இருப்பேன்.

அப்பா